மடிப்பு நேரம்: நானும் மற்ற நாற்பது பேரும்

எங்கள் வழக்கின் பெயர் "ரெங்கராஜு மற்றும் நாற்பது பேர்". அந்த ரெங்கராஜு நான்தான். காதில் கேட்டால் ஏதோ படைத்தலைவன் மாதிரி இருக்கும். நாற்பது பேரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த எங்கள் மூன்று மாடி ஜவுளிக் கடையை நோக்கி விரலை நீட்டியபடி நிற்கும் ஆள் மாதிரி. உண்மையில் வழக்கு நடந்த பதினான்கு மாதமும் நான் அந்த நாற்பது பேருக்கும் பின்னால்தான் நின்றேன். லேபர் ஆபீஸ் வராந்தாவில் தூண் இருந்திருந்தால் அதற்கும் பின்னால் நின்றிருப்பேன். கட்டியவர்கள் தூண் வைக்கவில்லை.

பத்தொன்பது வயதில் கடைக்குப் போனேன். முதல் வருஷம் குடிதண்ணீர், இரண்டாவது வருஷம் துடைப்பம், மூன்றாவது வருஷம் கைக்குட்டை. அங்கிருந்து வேட்டி, வேட்டியிலிருந்து காட்டன் புடவை என்று ஒவ்வொரு மாடியாக ஏறி, முப்பது வயதில் பட்டுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவு என்பது ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டும், கை ஈரமாக இருக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. உள்ளே வந்த குடும்பம் என்ன செலவாகுமோ என்று முகம் வெளுத்து உட்கார்ந்திருக்கும்.

அந்த மாடிக்கு மேனேஜர் சபாபதி சார். அவரும் என்னைப்போலத் தண்ணீர் தூக்கி மேலே வந்தவர்தான். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வலிக்கிறதே என்று நாம் அலமாரியில் தோளைச் சற்றுச் சாய்த்தால் போதும், எங்கிருந்தோ வருவார். நம் தோள் பட்ட இடத்தில் இல்லாத தூசியைக் கைக்குட்டையால் மெல்லத் தட்டுவார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அதன் பிறகு ஒரு வாரத்துக்கு நமக்குச் சாயத் தோன்றாது. இப்போது கடைகளில் விற்பனையாளருக்கு ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. எங்கள் மாடிக்கும் இரண்டு ஸ்டூல் வந்தன. சபாபதி சார் அவற்றின் மேல் புதுச் சரக்கை அடுக்கி வைத்தார்.

அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முக்கியமான பாடம் ஒன்றுதான். கஸ்டமரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. மயில் கழுத்து நிறத்தில் அரக்கு பார்டர் கேட்டு, அது கடையிலேயே கிடையாது என்றாலும், "ஆமாங்க மேடம், இருங்க, இதைவிட நல்லதா ஒண்ணு காட்டுறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். 'இல்லை' சொல்லி மாட்டினால் அன்றைய டீக்காசு பிடிப்பு. எனக்கு முதல் மாதத்தோடு அந்த வார்த்தை வாயிலிருந்து போய்விட்டது. பிறகு வீட்டிலும் வரவில்லை. என் மைத்துனன் மூன்று முறை கைமாற்று வாங்கிப் போனதற்கு அதுதான் காரணம்.

இப்போது வழக்குக்குக் காரணமான விஷயம். இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். கேஷ் கவுண்டர் மேல் வருகைப் பதிவேட்டை வைப்பார்கள். நாங்கள் எல்லோரும் வரிசையாக வந்து, நூல் கட்டிய ஒரே பேனாவால் 'வெளியேறிய நேரம் 9.00' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். போட்டுவிட்டு வெளியேற மாட்டோம். திரும்பி மாடி ஏறுவோம். மேலே அன்றைக்குப் பிரித்துக் காட்டிய புடவைகள் மலை மாதிரி கிடக்கும். ஒரு பெண்ணுக்கு ஒரு புடவை விற்க முப்பது புடவை பிரிக்க வேண்டும் என்பது எங்கள் மாடிக் கணக்கு.

பட்டை மடிப்பது லேசான வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து, உதறாமல் விரித்து, பழைய மடிப்புக் கோடு எங்கே என்று விளக்கு வெளிச்சத்தில் தேட வேண்டும். அதே கோட்டில்தான் மடிக்க வேண்டும். புதுக் கோடு விழுந்தால் ஜரிகை அங்கே முறியும், விலை இறங்கும். முந்தானை மேலே தெரிய வேண்டும், உள்ளே மெல்லிய தாள் வைக்க வேண்டும், பிறகு நிறவாரியாக அலமாரி. எல்லாப் பிரிவுக்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் முடியும். இதற்குக் கடையில் 'மடிப்பு நேரம்' என்று பெயர் இருந்தது. பெயர்தான் இருந்தது. சம்பளம் கிடையாது.

வருஷக்கணக்காக யாரும் கேட்கவில்லை. ரவிக்கைத் துணிப் பிரிவில் இருந்த மல்லிகாதான் ஆரம்பித்தாள். அவள் தினமும் முசிறியிலிருந்து வந்து போகிறவள். மடிப்பு நேரத்தால் ஒரே மாதத்தில் ஆறு முறை பஸ்ஸைத் தவறவிட்டாள். ஏழாவது முறை நேராகச் சபாபதி சாரிடம் போய் நின்றாள்.

"சார், ஒம்பதுக்கு மேல வேலை பார்க்கிறதுக்கு ஓவர்டைம் போடுவீங்களா?"

"மடிப்பு வேலை கடை நேரத்துல சேராதும்மா."

"அப்ப அது யாரு நேரம் சார்?"

சபாபதி சார் பக்கத்திலிருந்த கவுண்டரில் தூசி தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் மாடி மாடியாக இறங்கிக் கைக்குட்டைப் பிரிவு வரை வந்துவிட்டது.

மல்லிகா புத்தூரில் நிர்மலா என்ற வக்கீலைக் கண்டுபிடித்தாள். சின்ன வயதுப் பெண். "நாற்பத்தொரு பேரும் தனித்தனியா நாற்பத்தொரு கேஸ் போட வேண்டாம்க. ஒரே முதலாளி, ஒரே மாதிரி பாக்கி. எல்லாரும் ஒரே குழுவா ஒரே மனு போடலாம். சட்டத்துல இடம் இருக்கு. ஒருத்தர் சாட்சி சொன்னா எல்லாருக்கும் சேர்த்துதான்" என்றார். கேட்கும்போது எனக்கு இனித்தது. நாற்பத்தொரு பேரில் ஒருவனாக இருப்பதில் என்ன பயம்? கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய், கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வக்கீல் ஆபீஸில் கையெழுத்து. முதல் வரியில் கையெழுத்துப் போடுகிறவன் பெயரில்தான் வழக்கு ஓடும் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். பணிக்கொடை முதலாளி கையில் இருக்கிறது. ஆகவே கடைசி ஆளாகப் போவது என்று திட்டம் போட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கேயே இரண்டு காபி குடித்தேன். பேப்பர் படித்தேன். ராசிபலன்கூடப் படித்தேன், 'புதிய பொறுப்பு தேடி வரும்' என்று போட்டிருந்தது. எட்டேகாலுக்கு நிதானமாகப் போய்ச் சேர்ந்தேன்.

தாளை நீட்டினார்கள். இரண்டாவது வரியிலிருந்து நாற்பத்தொன்றாவது வரி வரை கையெழுத்து நிரம்பியிருந்தது. முதல் வரி மட்டும் காலி. என்னைப்போலவே நாற்பது பேருக்கும் மூளை இருந்திருக்கிறது.

"ஏம்மா மல்லிகா, முதல் வரியில யாரு இடம் விட்டது?"

"உங்களுக்குத்தான்ணே. சீனியரை விட்டுட்டு நாங்க எப்படி மேல போடறது?"

"நீதானே ஆரம்பிச்ச? நீயே போடேன்."

"எனக்குக் கையெழுத்துப் பெருசா வரும்ணே. அந்த வரியில கொள்ளாது."

நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரவில்லையே. போட்டேன். அன்று என் கையெழுத்து ஈசிஜி மாதிரி இருந்தது.

வீட்டில் என் மனைவி பத்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "முதல் பேரா? ரேஷன் கார்டுலயே நான்தான் முதல் பேரு. உங்களை நம்பி நாற்பது பேரு பின்னால நிக்கிறாங்களா? பாவம்ங்க அவங்க."

கடைக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் எனக்கு நெஞ்சு அடைத்தது. இடது கை மரத்தது. ஆட்டோ பிடித்துப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். படுக்க வைத்து ஒயர் மாட்டினார்கள். நான் மனதுக்குள் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்: தொழிலாளர் தலைவர் களத்தில் சாய்ந்தார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்றார். வாழைக்காய் பஜ்ஜி என்றேன். "வாயு. எழுந்து வீட்டுக்குப் போங்க" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக என் உடம்பின் மேல் எனக்கு அவநம்பிக்கை வந்தது. வேண்டியபோது ஒத்துழைக்கவில்லை.

மறுநாள் கடையில் யாரும் என்னைக் கோபிக்கவில்லை. சபாபதி சார் வந்து என் தோளில் தூசி தட்டினார். சாயங்காலத்துக்குள் பட்டுப் பிரிவிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். கைக்குட்டை, பனியன், ஜட்டி. முப்பத்தெட்டு வருஷத்தில் ஏறிய மாடி எல்லாம் லிஃப்டில் ஒரே நிமிஷத்தில் இறங்கிவிட்டது. கல்யாணப் பட்டு காட்டிய அதே கையால் ஜட்டியை விரித்து, "பார்டர் பாருங்க சார்" என்றேன். பழக்கதோஷம்.

இரண்டு மாதம் கழித்து சபாபதி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெங்கராஜு, முதலாளி உங்க செட்டில்மென்ட்டை மட்டும் முன்னாடியே முடிச்சிடலாம்ங்கிறார். மனுவுலேர்ந்து உங்க பேரை எடுத்துட்டாப் போதும். மத்தவங்க தானா கலைஞ்சிடுவாங்க."

"ஆமாங்க சார், பார்க்கலாம் சார்" என்றேன். அது எனக்குச் சம்மதம் இல்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார். அன்று பஸ் நிறுத்தத்தில் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"வேண்டாம்னு சொல்லலையாண்ணே?"

"எப்படிம்மா சொல்றது? வாய் வரலையே."

"அந்தப் பணம் வரும்னு நம்பி பொண்ணை நர்சிங் சேர்த்துட்டேன்ணே. முதல் தவணை வளையலை வச்சுக் கட்டியிருக்கேன். நீங்க பேரை எடுத்தா நாளைக்கே முப்பது பேரு எடுத்துடுவாங்க."

வேறு வழி தெரியாமல் மூன்று நாள் மருத்துவ விடுப்பு எடுத்தேன். காரணம் வாயு என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குள் முதல் வாய்தா வந்துவிட்டது; பேரை எடுக்கும் தாள் கையெழுத்தாகாமல் கிடந்தே மக்கிப்போனது. வழக்கில் நான் காட்டிய வீரம் என்று எண்ணினால் அது ஒன்றுதான். படுத்துக்கொண்டே காட்டினேன்.

நான்கு வாய்தாவுக்குப் பிறகு என் சாட்சியம் வந்தது. லேபர் ஆபீஸில் ஒரு பெரிய அறை. நடுவில் அதிகாரி, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் டைப் அடிக்கும் அம்மா. சுவரை ஒட்டி எங்கள் ஆட்கள். "எல்லாரும் உட்காருங்க" என்று அதிகாரி மூன்று தடவை சொன்னார். பெஞ்ச் காலியாகவே கிடந்தது. ஒருத்தருக்கும் உட்காரத் தெரியவில்லை.

முதலாளி தரப்பு வக்கீல் வயதானவர். குரலில் பாகு. குறுக்கு விசாரணை என்றால் மேசையைக் குத்திக் கத்துவார்கள் என்று எதிர்பார்த்து, அதற்கு மட்டும் தயாராகப் போயிருந்தேன். அவர் கல்யாணப் புடவை எடுக்க வந்த பெண்ணின் அப்பா மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். என் முதுகு தானாகக் குனிந்தது. கைகள் தானாகக் கூப்பிக்கொண்டன.

"முப்பத்தெட்டு வருஷமா இந்தக் கடையில இருக்கீங்க?"

"ஆமாங்க சார்."

"ரிஜிஸ்டர்ல ஒம்பது மணின்னு எழுதினது உங்க கைதான்?"

"ஆமாங்க சார்."

"யாரும் மிரட்டி எழுதச் சொல்லலை?"

"ஆமாங்க சார்."

"ஒம்பது மணிக்குக் கடை மூடிடும்?"

"ஆமாங்க சார்."

எங்கள் வக்கீல் நிர்மலா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்தது. ஆனால் வாய் அதன்பாட்டில் வியாபாரம் செய்துகொண்டிருந்தது.

"அதுக்கப்புறம் நீங்கள்லாம் உள்ளே இருந்தது, ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் பேசிக்கிட்டு இருக்கலாம்னுதான்?"

"ஆமாங்க சார். வேற கலர் காட்டவா சார்?"

டைப் அடிக்கும் அம்மா அதிகாரியைப் பார்த்தார். "சொன்னதை அப்படியே அடிங்க" என்றார் அதிகாரி. 'வேறு கலர் காட்டவா என்று சாட்சி வினவுகிறார்' என்பது இன்றைக்கும் அரசாங்க ஆவணத்தில் இருக்கிறது.

வெளியே வந்ததும் யாராவது அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை. மல்லிகா மட்டும், "அண்ணே, அவரு கேட்டிருந்தா அந்த ஆபீஸையே பேக் பண்ணிக் கொடுத்திருப்பீங்க" என்றாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சை சாதத்தில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள். திட்டியிருந்தால் ஜீரணமாகியிருக்கும். அந்தச் சாதம் இரண்டு நாள் தொண்டையிலேயே நின்றது. நாற்பது வீட்டுப் பணத்தை நான் தலையாட்டித் தொலைத்துவிட்டேன். அன்று ராத்திரி இதைப் பற்றி நானே எனக்கு ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாய்தாவில் கடை தரப்புச் சாட்சியாகச் சபாபதி சார் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நாற்காலியில் உட்காரும் முன் அதிலும் தூசி தட்டினார். மடிப்பு என்று தனியாக ஒரு வேலையே கிடையாது, கஸ்டமர் போகப் போக அவ்வப்போது எடுத்து வைத்துவிடுவார்கள், மிச்சம் பத்து நிமிஷ வேலை என்று அவர் பெயரில் வக்கீல் எழுதிய வாக்குமூலம் முன்னமே தாக்கலாகியிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தாரே தவிர, அவர் அதைப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிர்மலா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"சார், இதுல சொல்லியிருக்கிற மாதிரி, கஸ்டமர் எழுந்து போனதும் புடவையைச் சுருட்டி அலமாரியில வச்சிடுவீங்க."

சபாபதி சார் நிமிர்ந்தார். "சுருட்டியா? பட்டை யாரும்மா சுருட்டுவாங்க?"

"மன்னிச்சுக்குங்க சார். மடிச்சு. பத்து நிமிஷத்துல மொத்தமும் மடிச்சிடுவீங்க. வீட்ல பெட்ஷீட் மடிக்கிற மாதிரி."

"பெட்ஷீட்டா?"

கடை வக்கீல் இருமினார். சபாபதி சாருக்கு அது காதில் விழவில்லை. அவருடைய முகம் சிவந்து நான் பார்த்தது அன்றுதான். அதிகாரியின் பக்கம் திரும்பிவிட்டார்.

"சார், இவங்க தெரியாம பேசுறாங்க. பழைய கோட்டைக் கண்டுபிடிக்கவே தனிக் கண்ணு வேணும் சார். ஒரு புடவைக்கு ரெண்டு ஆளு, நாலு நிமிஷம். நான் பழக்கின ஆளுங்கங்கிறதால நாலு. வேற கடையில ஆறு ஆகும். அவசரப்பட்டு மடிச்சா ஜரிகை போயிடும் சார்!"

"ஒரு நாளைக்கு எத்தனை புடவை?" என்று அதிகாரியே கேட்டார்.

"முகூர்த்த மாசம்னா முந்நூறுக்குக் குறையாது."

"கஸ்டமர் இருக்கும்போதே மடிப்பீங்களா?"

"அது எப்படி சார்? விரிச்சுக் கிடந்தாத்தானே வாங்குவாங்க. ஷட்டர் இறங்கினப்புறம்தான். நானே நின்னு பார்ப்பேன். ஒருத்தரையும் பாதியில அனுப்ப மாட்டேன்."

கடை வக்கீல் இருமுவதை நிறுத்திவிட்டுத் தன் பைலை மூடினார். அதிகாரி ஒரு தாளில் பென்சிலால் முந்நூறை நாலால் பெருக்கி, இருபது ஜோடியால் வகுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அறுபது நிமிஷம்" என்றார்.

வெளியே போகும்போது சபாபதி சார் என் அருகில் நின்றார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதும் அவருக்கு முழுதாகப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் அவர் கவலை வேறாக இருந்தது.

"நாலு நிமிஷம்னு சொன்னது சரிதானே ரெங்கராஜு?"

"ஆமாங்க சார்" என்றேன். அந்த ஆபீஸுக்குள் நான் மனதாரச் சொன்ன 'ஆமாங்க சார்' அது ஒன்றுதான்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. நிர்மலா ஆபீஸில் நாற்பத்தொரு பேரும் நின்றுகொண்டு கேட்டோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மடிப்பு வேலை நடந்தது நிரூபணமாகிறது, மனுதாரர்கள் அனைவருக்கும் அதற்கான ஊதியத்தைக் கடை வழங்க வேண்டும் என்று நிர்மலா படித்தார். சத்தம் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மல்லிகா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மெதுவாக முன்னால் வந்து நின்றேன். பதினான்கு மாதத்தில் முதல் முறை.

"இன்னும் ஒரு பாரா இருக்கு" என்றார் நிர்மலா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'முதல் மனுதாரரின் சாட்சியம் முன்னுக்குப் பின் முரணாகவும், கேள்விகளுக்குத் தொடர்பின்றியும் இருப்பதால், அது முற்றிலும் ஒதுக்கி வைக்கப்படுகிறது. எதிர்த்தரப்பு மேலாளரின் சாட்சியத்தை மட்டுமே ஏற்று இவ்வுத்தரவு பிறப்பிக்கப்படுகிறது.'"

கடை மேல்முறையீட்டுக்குப் போவதாக மிரட்டிவிட்டு, பிறகு இரண்டு தவணையில் கொடுத்தது. மல்லிகா வளையலை மீட்டாள். என் பணிக்கொடையும் ஒரு ரூபாய் குறையாமல் வந்தது. வீணாக ஆஸ்பத்திரிக்குச் செலவழித்தேன். சபாபதி சார் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது பதிவேட்டில் பத்து மணி என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறாராம்.

இந்தக் கதை பெரிய கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. மாதத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். பாத்திரக் கடை, நகைக் கடை, ஒரு முறை பேக்கரியிலிருந்து. "அண்ணே, எங்களுக்கும் பாக்கி நிக்குது. சேர்ந்து கேஸ் போடலாம்னு இருக்கோம். ஆனா சாட்சி சொல்ல எங்கள்ல யாருக்கும் தைரியம் இல்லண்ணே" என்கிறார்கள். நான் அறிவுரை எதுவும் சொல்வதில்லை. உத்தரவில் என் சாட்சியத்தை ஒதுக்கி வைத்த அந்தப் பாராவுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறேன். என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டே நாற்பது பேர் ஜெயித்திருக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய தைரியத்தை நான் யாருக்குக் கொடுத்துவிட முடியும்?